36 மாணவர், 36 மரம்: வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும்

இலைக்காம்பு (கேள்வி)

வணக்கம். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வரும் பருவத்தில் இரண்டாம் ஆண்டுக்குச் சூழலியல் பாடம் என் பொறுப்பு. 36 பேர். ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து 14 வாரமும் அதையே பார்க்க வேண்டும். துளிர் எப்போது விட்டது, பூ எப்போது வந்தது, இலையைத் தின்றது யார், கிளையில் குடியிருப்பது யார் என்று எழுத வேண்டும்.

இதையே நான்கு ஆண்டாக நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வந்தேன். கடைசி நாளன்று கட்டாக மேசைக்கு வரும். பதினான்கு வாரமும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. அடாத மழை பெய்த வாரத்தில்கூட ஒருவன் "வானம் தெளிவாக இருந்தது" என்று எழுதியிருந்தான். முந்தின இரவு உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதியிருக்கிறான், பாவம்.

அதனால் இந்த முறை வலைப்பதிவு. பதிவில் தேதி தானாக விழும் அல்லவா, ஏமாற்ற முடியாது என்பது என் கணக்கு. ஆனால் எனக்கு வலைப்பதிவு படித்துத்தான் பழக்கம், நடத்தியதில்லை. ஆளுக்கொரு பதிவு தொடங்கச் சொல்வதா, வகுப்புக்கே ஒன்று போதுமா? எந்தத் தளத்தில், பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா? வாரம் ஒரு பதிவு கேட்கலாம் என்று நினைக்கிறேன், 400 சொல், ஒரு படம். பெரும்பாலும் தமிழில்தான் எழுதுவார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

குறுக்குவழி

எதற்கு மேடம் இவ்வளவு சிரமம்? உங்கள் கல்லூரியில் மூடுல் (பாடங்களை இணையத்தில் நடத்தும் தளம்) இருந்தால் அதிலேயே ஒரு ஃபோரம் திறந்து விடுங்கள். தேதி விழும், படம் ஏறும், மதிப்பெண்ணும் அங்கேயே போடலாம். வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அரை மணி நேர வேலை.

கடைசி பெஞ்ச்

மேடம், நான் மொழிப் பாடம் நடத்துகிறவன். ஆறு ஆண்டாக வகுப்பு வலைப்பதிவு நடத்துகிறேன். முதல் இரண்டு ஆண்டும் சொதப்பல். உங்களுக்குப் பயன்படப் போவதும் அந்தச் சொதப்பல்தான்.

முதலில் அந்தத் தேதி விஷயம். மன்னிக்கவும், அது காவல் காக்காது. பிளாகரிலும் சரி, வேர்ட்பிரஸ்ஸிலும் சரி, வெளியிடும் தேதியை எழுதுகிறவரே மாற்றி வைக்கலாம். பதிவெழுதும் பக்கத்தில் ஓரமாக இருக்கும் ஒரு சின்னக் கட்டம்தான். அதில் மூன்று வாரம் முந்தைய தேதியைப் போட்டால் பதிவு அங்கே போய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். என் மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க இரண்டே வாரம் ஆனது. எனக்குத்தான் ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

பிறகு எது காவல் காத்தது என்று கேட்டால், பின்னூட்டம். ஒருவர் பதிவின் கீழ் இன்னொரு மாணவர் அந்த வாரமே ஏதாவது கேட்டிருந்தால், அந்தப் பதிவு அந்த வாரம் இருந்தது என்றுதானே அர்த்தம்? பருவ முடிவில் 14 பதிவையும் ஒரே ராத்திரியில் எழுதி விடலாம். நான்காம் வாரத்தில் ஒரு தோழி கேட்ட கேள்வியை எழுத முடியாது. நான் காவலுக்காகத் தொடங்கிய ஏற்பாடுதான், கடைசியில் அவர்கள் எழுதியதே அந்தக் கேள்விக்காக என்று ஆனது. "வாத்தியார் படிப்பார்" என்பதற்காக யாரும் நன்றாக எழுதுவதில்லை. பக்கத்து இருக்கைக்காரன் படித்துவிட்டு "எறும்பு வரிசை மேலே போச்சா, கீழே வந்துச்சா?" என்று கேட்டால், மறுநாள் காலையிலேயே போய்ப் பார்ப்பார்கள்.

ஆனால் பின்னூட்டம் போடுங்கள் என்று மட்டும் சொன்னால் என்ன வரும் தெரியுமா? "அருமை", "சூப்பர்", "வாழ்த்துகள், தொடர்ந்து எழுதுங்கள்". தமிழ் வலைப்பதிவு உலகத்தின் பழைய வியாதி, வகுப்பையும் விடவில்லை. அதனால் ஒரே ஒரு விதி வைத்தேன்: பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அந்த வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிவு எழுதியவர் அடுத்த பதிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த விதி வந்த பிறகு "அருமை" ஒழிந்தது.

சரி, ஆளுக்கொன்றா, பொதுவில் ஒன்றா. முதல் ஆண்டு ஆளுக்கொன்று வைத்தேன். 41 வலைப்பதிவு. முகவரிகளை ஒரு விரிதாளில் சேர்த்தேன். அதில் ஏழு முகவரி தப்பு, மூன்று பேர் கடவுச்சொல்லை மறந்து இரண்டாவதாக ஒன்று தொடங்கினார்கள், ஒருத்தி பின்னணியை முழுக் கறுப்பாக்கி எழுத்தைக் கருநீலமாக வைத்திருந்தாள். இத்தனையையும் நான் தினமும் திறந்து பார்க்க முடியுமா? ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புதிய பதிவுகளை வெளியே அனுப்பும் ஓடையை (ஃபீட்) சேர்த்துத் திரட்டி மாதிரி ஒரே இடத்தில் காட்டலாம். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தில் புரண்ட தலைமுறைக்கு அது பழக்கம்தான். அமெரிக்காவில் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013-லிருந்து மாணவர்களுக்குச் சொந்த டொமைனே (தனி இணைய முகவரி) கொடுத்து இப்படி நடத்துகிறது. ஆனால் அங்கே அதற்கென்று ஆள் இருக்கிறது. நீங்கள் ஒற்றை ஆள். முதல் முறைக்கு வகுப்புக்கு ஒரே வலைப்பதிவு, அதில் 36 பேரும் எழுத்தாளர்கள். இதுதான் என் யோசனை.

வேர்ட்பிரஸ் என்றால் இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தது. ஆளைச் சேர்க்கும்போது என்ன பொறுப்பு கொடுப்பது என்று கேட்கும். கான்ட்ரிப்யூட்டர் என்று ஒன்று உண்டு: அவர் எழுதலாம், வெளியிட முடியாது, நீங்கள் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். ஆசிரியர் மனசுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. இரண்டாம் ஆண்டு எல்லோரையும் அதில்தான் சேர்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கான்ட்ரிப்யூட்டரால் படம் ஏற்ற முடியாது. எல்லாப் படமும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது, நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். வெளியான பிறகு ஓர் எழுத்துப்பிழை திருத்தவும் அவர்களால் ஆகாது, அதுவும் என் தலையில். ஞாயிற்றுக்கிழமை போயே போச்சு.

ஆதர் என்ற பொறுப்பைக் கொடுங்கள். தன் பதிவைத் தானே வெளியிடலாம், படம் ஏற்றலாம், அடுத்தவர் பதிவைத் தொட முடியாது. அதற்கு மேலே எடிட்டர் இருக்கிறது, எல்லார் பதிவையும் திருத்தலாம். அதை நான் வாரம் இரண்டு மாணவர்களுக்குச் சுழற்சியாகக் கொடுக்கிறேன். அந்த வாரப் பதிவுகளுக்குத் தலைப்பு சரியா, படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் வரி) இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அடுத்தவர் எழுத்தைத் திருத்தும்போது தன் எழுத்தும் கொஞ்சம் திருந்துகிறது, இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக நடந்தது.

பிளாகரில் இந்தத் தலைவலி குறைவு. அட்மின், ஆதர் என்று இரண்டே பொறுப்பு. ஒரு வலைப்பதிவுக்கு 100 பேர் வரை உறுப்பினராகலாம், உங்களுக்குத் தாராளம். கூகுள் கணக்கு இருந்தால் போதும். அதனால் நீங்கள் ஒரு வார இறுதியில் தொடங்கி முடிக்க வேண்டும் என்றால் பிளாகர். எடிட்டர் சுழற்சி மாதிரி ஏதாவது வேண்டும், அல்லது யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பழைய வடிவங்களைப் பார்க்க வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ்.

தமிழில் எழுதுவதால் இன்னொன்று. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் இணைய முகவரிக்குள் போகும்போது ஒன்பது எழுத்தாக விரியும். சதவீதக் குறியும் எண்ணுமாகப் பூச்சி பூச்சியாக வருமே, அதுதான். வேர்ட்பிரஸ்ஸில் பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. எண்ணிப் பார்த்தால் 22 குறியோடு கதை முடிந்தது. "என் மரத்தின் மூன்றாம் வாரம்" என்று தலைப்பு வைத்தால் முகவரி "மூன்றாம்-வா" என்று நின்றுவிடும். யாரை வரச் சொல்கிறது என்று தெரியாது. பிளாகர் வேறு மாதிரி: தமிழை மொத்தமாக விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று எல்லாப் பதிவுக்கும் ஒரே பெயரை வைத்து, பின்னால் எண்ணை ஒட்டிவிடும். இரண்டிலும் வெளியிடும் முன் முகவரியை நாமே ஆங்கில எழுத்தில் சின்னதாகக் கொடுக்கலாம். மரத்தின் பெயர், வாரத்தின் எண், போதும். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வெளியான பிறகு மாற்றினால் பிளாகரில் பழைய இணைப்பு உடையும்.

வேர்ட்பிரஸ்ஸில் நேர வலயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் யூடிசி நேரத்தில் ஓடும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நான் விட்டுவிட்டேன். நள்ளிரவோடு கெடு முடிந்த பிறகு, விடியும் முன் போட்ட பதிவெல்லாம் கெடு நாளிலேயே போட்டதாகக் காட்டியது. வகுப்பில் நான் ஒருவன்தான் அதற்கு வருத்தப்பட்டேன்.

கடைசியாக எண்ணிக்கை. 36 பேர், 14 வாரம், மொத்தம் 504 பதிவு. பதிவுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 42 மணி நேரம். வேண்டாம் மேடம். ஆறு பதிவு கேளுங்கள். அதில் அவர்களே மூன்றைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண்ணுக்குக் கொடுக்கட்டும். மீதி மூன்றும் வெளியாகியிருந்தால் போதும், நன்றாக இருக்க வேண்டியதில்லை. மோசமான பதிவு போட இடம் இருந்தால்தான் நல்ல பதிவு வரும்.

குறுக்குவழி நண்பருக்கு: மூடுல் ஃபோரம் தப்பில்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் பருவம் முடிந்ததும் அந்தப் பக்கம் மாணவருக்குத் திறக்காது. 14 வாரம் பார்த்த மரத்தைப் பற்றி எழுதியது அவர்கள் கையில் மிஞ்ச வேண்டாமா?

குறுக்குவழி

மிஞ்சுவது சரி. மிஞ்சக் கூடாதது மிஞ்சினால்? அதையும் யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாலாவது மாடி

மிஞ்சக் கூடாதது மிஞ்சிய கேஸ் நான்தான்.

முதலாம் ஆண்டில் எங்களுக்கும் இப்படி ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு வலைப்பதிவு, சொந்தப் பெயரில், கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். எனக்குப் பிடித்துத்தான் எழுதினேன், அதைச் சொல்லியாக வேண்டும். படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் அந்த மின்னஞ்சலை நிறுத்தினார்கள். அதோடு வலைப்பதிவுக்குள் நுழையும் வழியும் போயிற்று. பதிவு மட்டும் அங்கேயே நிற்கிறது. என்னால் திருத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வேறு அட்மின் யாரும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் இப்போது தாவரவியலில்தான் ஆய்வு செய்கிறேன். என் பெயரைத் தேடினால் முதல் பக்கத்திலேயே அந்தப் பதிவு வரும். அதில் "மரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கும்" என்று தடித்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பகல், இரவு என்று பார்க்காமல் சுவாசம் நடந்துகொண்டே இருக்கும், பகலில் ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது என்பதை இப்போது நானே முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவன் அந்தப் பதிவைக் கொண்டுவந்து காட்டினான். மரியாதையாகத்தான் காட்டினான்.

அதனால் மேடம், தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். சொந்த மின்னஞ்சலில் சேரட்டும். புனைபெயரை அனுமதியுங்கள். யார் எந்தப் பெயர் என்பது உங்கள் குறிப்பில் இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் என்றால் ஒரு எச்சரிக்கை: காட்டும் பெயரை மாற்றினாலும், எழுத்தாளர் பக்கத்தின் முகவரியில் பயனர் பெயர் தெரியும். எனவே பயனர் பெயரே புனைபெயராக இருக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போதே சொன்னால்தான் உண்டு.

தேடுபொறிக்குக் காட்டாதே என்று ஓர் அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது பூட்டு இல்லை. தேடுபொறியிடம் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். இணைப்பு கையில் இருப்பவர் திறக்கலாம்.

இன்னொன்று, மரம் என்பதால் கேட்கிறேன். பாதிப் பேர் வீட்டு வாசல் மரத்தைத்தான் எடுப்பார்கள், இல்லையா? கைபேசியில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் படக் கோப்புக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். 14 வாரமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படம் என்றால் அது வீட்டு முகவரிதான். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பருவம் முடியும்போது ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, அவரவர் பதிவை எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து வரும், படங்கள் வராது, படத்துக்கான இணைப்புதான் இருக்கும். படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும். அப்புறம், வைத்திருப்பதா அழிப்பதா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசி பெஞ்ச்

நாலாவது மாடி அம்மா, பயனர் பெயர் விஷயம் எனக்கே தெரியாது. ஆறு ஆண்டாக நடத்துகிறேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், என் மாணவர்களில் பலர் பயனர் பெயராக வைத்த கல்லூரிப் பதிவெண் (ரோல் நம்பர்) முகவரியில் பளிச்சென்று தெரிகிறது. இந்த வாரமே மாற்ற வேண்டும். நன்றி.

இலைக்காம்பு

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், முதலில் நானே ஒரு பதிவு எழுதிப் பார்த்தேன். துறைக் கட்டடத்தின் பின்னால் நிற்கும் மரம்தான், தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

400 சொல் எழுத எனக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் வேர்டில் எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டி, எழுத்தளவு ஒவ்வொரு பத்தியிலும் ஒவ்வொரு மாதிரி போனதைச் சரிசெய்ததில் கழிந்தது. வடிவம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டும் வழி இருக்கிறது என்று என் மகள் அப்புறம் சொன்னாள். ஒட்டும்போது கன்ட்ரோல், வி இரண்டோடு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். அதனால் 400 சொல் இல்லை, 200. ஆறு பதிவு. கடைசி பெஞ்ச் சார் சொன்ன அதே பின்னூட்ட விதி.

பிளாகரில் தொடங்கிவிட்டேன். எடிட்டர் சுழற்சி ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த முறை வேண்டாம். நான் ஓர் அட்மின், துறையில் இன்னொரு ஆசிரியரும் அட்மின், நான் இடம் மாறிப் போனாலும் சாவி ஒருவரிடம் இருக்கும். புனைபெயர், சொந்த மின்னஞ்சல் இரண்டும் முதல் வகுப்பில் தரும் தாளில் ஏறிவிட்டன. புனைபெயராக மரத்தின் பெயரையே வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரே மரத்தை நான்கு பேர் எடுத்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

குறுக்குவழி நண்பரே, பொதுவில் எழுத விருப்பம் இல்லாத மாணவருக்கு மூடுல் ஃபோரத்தில் எழுதும் வழியையும் வைத்திருக்கிறேன். அதே விதி, அதே மதிப்பெண். காரணம் கேட்கப் போவதில்லை.

தேதியைப் பற்றிச் சொன்னதை நம்பாமல் நானே மாற்றிப் பார்த்தேன். என் முதல் பதிவு இப்போது நான் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இரண்டு வாரம் முன்பே எழுதியதாகக் காட்டுகிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மாதிரிக்காக என் பதிவை அங்கேயே விட்டுவைத்தால், 36 பேரும் அதே நடையில் எழுதிக் கொடுத்துவிடுவார்களோ?

கடைசி பெஞ்ச்

கட்டாயம் எழுதுவார்கள். முதல் ஆறு பேர் போட்ட பிறகு உங்கள் பதிவைத் திறந்து விடுங்கள். அதுவரை டிராஃப்டில் இருக்கட்டும். அதோடு உங்கள் பதிவுக்கும் அவர்கள் கேள்வி கேட்கட்டும் மேடம். அடுத்த பதிவுக்குள் நீங்களும் பதில் சொல்லியாக வேண்டும்.